வாசல், பட்டியல், கைப்பிடி

அதிகாரம் பற்றி நம் சிறுபத்திரிகைகள் எழுதித் தீர்த்தது கொஞ்சநஞ்சமல்ல. சிறைச்சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், பைத்தியக்கார விடுதி என்று ஃபூக்கோவைத் தொட்டுக்கொண்டு நாம் பேசாத கட்டிடம் பாக்கி இல்லை. ஆனால் யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதை இன்று நொடிக்கு லட்சம் தடவை தீர்மானிக்கிற ஓர் இடத்தைப் பற்றி நாம் வாய் திறந்ததேயில்லை. கணிப்பொறி இயக்குதளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கெர்னலைச் சொல்கிறேன். 'அது இன்ஜினியருங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட்டோம். கோயில் வாசலையும் ஒரு காலத்தில் 'அது சாஸ்திரிகள் சமாச்சாரம்' என்றுதான் ஒதுக்கியிருந்தார்கள்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடை ஒன்றில் ஆரம்பித்த பேச்சு இது. நண்பர் பெங்களூரில் கெர்னல் எழுதுகிறவர். பௌர்ணமிக் கூட்டம் வடிந்த பிறகு மலை சுற்ற வருவார். இப்போது என்ன வேலை என்று கேட்டதற்கு, 'ஹேண்டிலுக்கு உரிமை ஒட்டற வேலை தோழர்' என்றார். புரியவில்லை என்றேன்.

'ஒரு புரோக்ராம் ஒரு ஃபைலைத் தொறக்கணும்னா நேரா டிஸ்க்குல கை வைக்க முடியாது. கெர்னலைக் கேக்கணும். கெர்னல் ஒரே ஒரு தடவை நீ யாருன்னு பாக்கும். பாத்துட்டு ஒரு சின்ன நம்பரைக் கையில குடுக்கும். அதுக்கப்புறம் படிக்க, எழுத அந்த நம்பரை நீட்டினா போதும், யாருன்னு திரும்பக் கேக்காது. அந்த நம்பர்தான் ஹேண்டில். பிரச்சினை என்னன்னா, அந்தப் பிடியை வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போகலாம்ங்கறது சரியா எழுதப்படலை. அதைத்தான் எழுதறோம்.'

கைப்பிடி என்ற சொல்லே போதும் என்று எனக்குப் பட்டது. யூனிக்ஸ்காரர்கள் அதை ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பார்கள். 0, 1, 2 என்று போகிற வெறும் எண். ஆனால் அந்த எண் எதைச் சுட்டுகிறது என்ற அட்டவணை கெர்னலின் வசம் இருக்கிறது. ஆகவே புரோக்ராம் ஓர் எண்ணைக் கற்பனையாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைய முடியாது. கள்ளச்சாவி செய்ய முடியாத சாவி.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு விருபாட்ச குகை நினைவுக்கு வந்தது. 1899 முதல் 1916 வரை ரமணர் அங்கே இருந்தார். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் மலையேறும்போது, குகைக்கு உரிமை கொண்டாடிய விருபாட்ச மடத்தார் வாசலில் ஆள் நிறுத்தித் தலைக்குச் சிறு கட்டணம் வசூலித்தார்கள். ரமணருக்கு இது பிடிக்கவில்லை. சண்டை போடவில்லை, எழுந்து வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மடத்தார் மரத்தடியும் உள்ளே அடங்குகிற மாதிரி வசூல் எல்லையைத் தள்ளிவைத்தார்கள். அவர் இன்னும் கீழே சத்குருசாமி குகைக்கு இறங்கிவிட்டார். ஜனம் அவர் பின்னால் போய்விட்டது. கடைசியில் வசூல் நின்றது, அவரும் திரும்பினார். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் பதிவான சம்பவம் இது. பக்தர்கள் இதைச் சொல்லும்போது அவருடைய கருணையைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மடம் பூட்டியது இடத்தை. ஜனம் தேடி வந்தது ஆளை. சீட்டு ஒரு பெயருக்கு, அதாவது 'விருபாட்ச குகை' என்ற முகவரிக்குத்தான் செல்லும். அந்த முகவரியில் இருந்த பொருளோ நகர்ந்துவிட்டது.

நண்பர் சிரித்தார். 'இதே தப்பு எங்ககிட்டயும் உண்டு தோழர். பேரை வச்சு செக் பண்ணுவோம். செக் பண்ணின நேரத்துக்கும் தொறக்கற நேரத்துக்கும் நடுவுல எவனாவது அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கற ஃபைலை மாத்தி வச்சிடுவான்.' பெயர் வேறு, பொருள் வேறு என்பதை நாம் சசூரிடம் படித்தோம். அவர்கள் களவு போய்ப் படித்திருக்கிறார்கள்.

இதன் சரித்திரம் 1966இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ், ஏர்ல் வான் ஹார்ன் என்ற இருவர், ஒரே இயந்திரத்தில் பல பேருடைய வேலைகள் ஓடுகையில் ஒருவருடையதை மற்றவர் தொடாமல் இருப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு வேலையும் தன்னிடம் ஒரு சாவிக்கொத்து வைத்திருக்கட்டும். ஒவ்வொரு சாவியும் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுட்டட்டும், அதை வைத்து என்ன செய்யலாம் என்பதும் அந்தச் சாவியிலேயே இருக்கட்டும் என்றார்கள். கேப்பபிலிட்டி என்று பெயர் வைத்தார்கள். 'இயலுமை' என்று அகராதிப்படி மொழிபெயர்த்தால் விஷயம் செத்துவிடும். ஒருவனுக்குள் இருக்கிற திறமையல்ல அது, கையில் இருக்கிற பண்டம். இக்கட்டுரையில் 'உரிமைச்சாவி' என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல சொல் கிடைத்தால் யாராவது மாற்றிக்கொள்ளட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது பட்டியல். அதே எம்.ஐ.டி. சார்ந்து உருவான மல்டிக்ஸ் இயக்குதளம் ஒவ்வொரு கோப்பின் வாசலிலும் ஒரு பட்டியலைத் தொங்கவிட்டது: இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம். 1971இல் பட்லர் லாம்ப்சன் இரண்டையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார். வரிசையில் ஆட்கள், பத்தியில் பொருட்கள். பத்தி பத்தியாக வாசித்தால் பட்டியல், வரிசை வரிசையாக வாசித்தால் சாவிக்கொத்து. ஆகவே இரண்டும் ஒன்றுதானே என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. அட்டவணையாகப் பார்த்தால் ஒன்றுதான். வாசலில் நின்று பார்த்தால் ஒன்றல்ல. பட்டியல் 'நீ யார்' என்று கேட்கிறது. சாவி எதையும் கேட்பதில்லை.

'நீ யார்' என்ற கேள்விக்கு யூனிக்ஸ் எப்படிப் பதில் தேடுகிறது என்பதை நம்மவர்கள் கவனிக்கவேண்டும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய இந்த இயக்குதளத்தில் ஒரு புரோக்ராம் இன்னொரு புரோக்ராமைப் பெற்றெடுக்கிறது. உவமையல்ல, தாய்ப் பிள்ளை என்றே அவர்கள் அழைக்கிறார்கள். பிறக்கிற பிள்ளை தாயின் அடையாள எண்ணோடு பிறக்கிறது. அந்த எண்ணுக்கு எந்தெந்தக் கதவு திறக்குமோ அத்தனையும் பிறந்த கணத்திலேயே அதற்குத் திறக்கும்; அது செய்யப்போகிற வேலைக்கு அவை தேவையா என்ற பேச்சே இல்லை. பூஜ்யம் என்ற எண்ணோடு பிறந்தவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். அதற்கு ரூட் என்று பெயர். கையில் எதையும் நீட்டாமல், தான் இன்னார் என்பதாலேயே காற்றைப்போலச் சுற்றிலும் நிறைந்திருக்கிற இந்த அதிகாரத்தை 'சூழ்ந்த அதிகாரம்' என்கிறார்கள்.

பிறப்பால் வருகிற, வேலையோடு சம்பந்தமில்லாத, எடுத்துக் காட்டவேண்டிய அவசியமே இல்லாத அதிகாரம். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவனுக்கு வேறென்ன நினைவு வரும்? அதே ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அந்தக் காலத்தில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் தடுப்பு என்று இருந்ததும், ரமணர் இரு பக்கமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்ததும் ஆசிரமத்து நினைவுக் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. குகை வாசலில் காசுக்கு எதிராக எழுந்து போனவருடைய கூடத்தில் பிறப்பின் தடுப்பு இருந்தது.

இந்தப் பத்தியைப் படித்துப்பார்த்த தலித் இயக்கத் தோழர் ஒருவர் கோபப்பட்டார். 'சாதியைக் கம்ப்யூட்டரோட ஒப்பிட்டா அது என்னமோ டிசைன் மிஸ்டேக் மாதிரி ஆயிடும். அது மிஸ்டேக் இல்ல, அவங்களுக்கு அதுதான் டிசைன்.' நியாயம்தான். அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்: பட்டியலைத் திருத்தியதால் வாசல் திறந்துவிடவில்லை. 1939 ஜூலை 8இல் வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் முதலியோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. ஏட்டில் பட்டியல் திருத்தப்பட்டது. ஆனால் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரி 30இல். நடுவில் கடந்தது எழுபத்தைந்து ஆண்டு. வாசலில் தொங்கும் பட்டியல் ஒன்று, வாசலில் நிற்கிறவர்கள் மனசுக்குள் வைத்திருக்கும் பட்டியல் இன்னொன்று. கெர்னலில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எழுதியதுதான் நடக்கும். உவமை இந்த இடத்தில் முறிகிறது, முறியட்டும்.

சூழ்ந்த அதிகாரத்தின் ஆபத்தை 1988இல் நார்ம் ஹார்டி ஒரு சின்னக் கதையாக எழுதினார். டைம்ஷேர் என்ற கம்பெனியில் நடந்தது. அங்கே ஒரு கம்பைலர். தன் புள்ளிவிவரங்களை எழுதிக்கொள்வதற்காக அமைப்பின் கோப்பறையில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. அதே அறையில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் இருந்தது. ஒரு பயனாளர், தனக்கு வரவேண்டிய வெளியீட்டை எந்தக் கோப்பில் எழுதவேண்டும் என்று கேட்கப்பட்டபோது அந்தக் கணக்குக் கோப்பின் பெயரைச் சொன்னார். பயனாளருக்கு அதைத் தொட உரிமை கிடையாது. கம்பைலருக்கு உண்டு. கம்பைலர் எழுதிற்று, கணக்கு அழிந்தது. இருவரில் யார் அதிகாரத்தால் எழுதுகிறோம் என்று அந்த ஏவலாளுக்குத் தெரியவில்லை. 'குழம்பிய ஏவலாள்' என்று ஹார்டி பெயரிட்டார்.

நமக்கு இது புதிய கதையா? மதுரையில் பொற்கொல்லனுக்கு யாரையும் கொல்லும் அதிகாரம் கிடையாது. அவனிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும்: இன்ன இடத்தில் இன்ன ஆள், கையில் சிலம்பு. அதை அரசனிடம் கொடுத்தான். வாளின் அதிகாரம் அரசனுடையது. யாருடைய நோக்கத்துக்காக அது வீசப்படுகிறது என்று அரசன் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது உள்ளே இருந்தது மாணிக்கம். அரசி சிலம்பில் இருந்தது முத்து. வெளியே ஒன்றுபோல் தெரிகிற இரண்டு பொருளைப் பெயரால் ஒன்றென்று கொண்ட குழப்பம். இளங்கோவை இப்படிப் படிப்பது அத்துமீறல் என்று புலவர்கள் சொல்லக்கூடும். எனக்கு ஹார்டியின் கட்டுரையை விளங்கவைத்தது இளங்கோதான், ஆகவே கடனைச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்டி சொன்ன மருந்து எளியது. கோப்பின் பெயரைச் சொல்லாதே, கைப்பிடியைக் கொடு. உன்னிடம் அந்தக் கணக்குக் கோப்பின் சாவி இல்லையென்றால் கொடுக்கவே முடியாது, கம்பைலர் குழம்பவும் இடமில்லை.

இவ்வளவு எளிதென்றால் ஏன் பட்டியல் ஜெயித்தது? வில்க்ஸும் நீதமும் கேம்பிரிட்ஜில் 1970களில் 'கேப்' என்ற இயந்திரத்தையே சாவிகளுக்காகக் கட்டினார்கள். கார்னகி மெலனில் ஹைட்ரா எழுதப்பட்டது. ஐ.பி.எம். 1978இல் அறிவித்த சிஸ்டம்/38இல் இந்தச் சிந்தனை இருந்தது. இன்டெல் 1981இல் ஐஏபிஎக்ஸ் 432 என்று ஒரு சில்லைக் கொண்டுவந்து, அது படுமந்தமாக ஓடி, சந்தையில் விழுந்தது. சாவி என்றாலே மந்தம் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. வேகம்தான் காரணம் என்பார்கள். எனக்கு வேறொரு காரணமும் உண்டென்று படுகிறது. 1983இல் அமெரிக்க ராணுவத்தின் 'ஆரஞ்சுப் புத்தகம்' வந்தது. எந்தக் கணிப்பொறி பாதுகாப்பானது என்று தரம் பிரித்த நூல். யார் எதைச் செய்தார் என்பது தனித்தனி ஆள் பெயரோடு பதிவாகவேண்டும் என்று அது கேட்டது. அரசுக்கு வேண்டியது பூட்டு மட்டுமல்ல, பெயர் எழுதிய ஏடு. சாவி ஏட்டில் பெயர் எழுதாமல் கைமாறும். அது எந்த அரசுக்கும் பிடிக்காது.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை விட்டதும் நடந்தது. 1999இல் வந்த லினக்ஸ் 2.2இல் 'கேப்பபிலிட்டி' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது ரூட்டின் அதிகாரத்தைத் துண்டுகளாக வெட்டியது, அவ்வளவுதான்; இன்று ஏறக்குறைய 40 துண்டு. ஒவ்வொரு துண்டும் ஆளோடுதான் ஒட்டியிருக்கிறது, பொருளோடல்ல. ஜமீனை ஒழித்துவிட்டு மிராசுதார்களை உருவாக்கிய மாதிரி.

கைப்பிடியில் உரிமையை எழுதுகிற வேலை சரியாக நடந்தது 2010இல். கேம்பிரிட்ஜின் ராபர்ட் வாட்சனும் கூகுளில் இருந்த பென் லாரியும் வேறு இருவரும் சேர்ந்து 'காப்சிகம்' என்பதை வெளியிட்டார்கள். மிளகாயின் தாவரப் பெயர். அவர்கள் யூனிக்ஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. ஃபைல் டிஸ்கிரிப்டர் ஏற்கனவே பாதி உரிமைச்சாவிதான் என்பதைக் கண்டார்கள். பாதி என்பது ஏன்? படிப்பதற்கென்று மட்டும் திறந்த கோப்பின் பிடியை வைத்துக்கொண்டே அந்தக் கோப்பின் அனுமதிகளை மாற்றிவிட முடிந்தது, அதனால். காப்சிகம் ஒவ்வொரு பிடியிலும் சுமார் 60 தனித்தனி உரிமைகளைக் குறிக்க இடம் வைத்தது: படிக்கலாம், எழுதலாம், நடுவில் தாவலாம், அனுமதி மாற்றலாம் என்று. உரிமையைக் குறைக்கலாம், கூட்டமுடியாது. இன்னொன்று, ஒரு புரோக்ராம் தானாக முன்வந்து 'இனி எனக்குப் பெயர்கள் வேண்டாம்' என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு கையில் இருக்கிற பிடிகளைத் தவிர உலகமே அதற்குக் கிடையாது, திரும்பவும் முடியாது. ஒருவகை சந்நியாசம். ஃப்ரீபிஎஸ்டி 2012இல் 9.0 பதிப்பில் இதைப் பரிசோதனையாகவும், 2014இல் 10.0 முதல் இயல்பாகவும் சேர்த்துக்கொண்டது. கூகுளின் ஃபூஷியா இயக்குதளத்தின் கெர்னலில் ஒவ்வொரு ஹேண்டிலும் உரிமைகளோடுதான் பிறக்கிறது. நகல் எடுத்தால் அதே உரிமை அல்லது குறைந்த உரிமை.

சென்னையிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலிகளின் வரிசையில் 2017இல் 'சக்தி-டி' என்ற ஆய்வு வந்தது. நினைவகத்தைச் சுட்டும் ஒவ்வொரு சுட்டியோடும் அதன் எல்லையை வன்பொருளே நினைவில் வைத்திருக்கும். எல்லை தாண்டினால் தடுக்கும். முழு உரிமைச்சாவி என்று சொல்லமாட்டேன். ஆனால் யார் கேட்கிறார் என்று பார்க்காமல் கையில் இருப்பது எதுவரை செல்லும் என்று பார்க்கிற அதே யோசனை.

இனி ரேஷன் கடைக்கு வருகிறேன், இதை எழுதத் தூண்டியதே அதுதான். பழைய காகித ரேஷன் கார்டு, யோசித்துப்பார்த்தால், சுத்தமான உரிமைச்சாவி. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்கலாம். அதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. உரிமை அளவோடு இருந்தது. முக்கியமாக, அதைக் கைமாற்ற முடிந்தது. உடம்பு முடியாத ஆயா பக்கத்து வீட்டுப் பையனிடம் 'கார்ட எடுத்துக்கினு போய் அரிசி வாங்கியா கண்ணு' என்று கொடுத்தனுப்புவாள். பையன் யார் என்பது கடைக்காரருக்குத் தேவைப்படவில்லை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோதும் இது பெரிதாக மாறவில்லை. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு விரல்ரேகை வந்தது. அட்டை சாவியாக இருந்த நிலை போய், விரல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிற நிலை வந்தது. விரலைக் கைமாற்ற முடியாது. நாற்று நட்டு, செங்கல் அறுத்துத் தேய்ந்த விரலில் ரேகையும் விழாது. மாற்று வழிகள் இருக்கின்றன: ஓ.டி.பி. உண்டு, வரமுடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதாவது பையனின் பெயரும் பட்டியலில் ஏறவேண்டும். கொடுத்தனுப்புதல் என்ற ஒரு சின்ன மனித காரியம் விண்ணப்பமாகிவிட்டது. தமிழ்நாட்டில் எல்லோருக்குமான ரேஷன் என்பதால் பாதிப்பு சிரமத்தோடு நின்றது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, 11 வயதுச் சிறுமி சந்தோஷி பட்டினியால் செத்தாள் என்று அவள் தாய் சொன்னாள். அரசு மலேரியா என்றது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கைமாறுகிற கார்டுதான் அடகுக் கடைக்கும் போனது, போலிப் பெயரிலும் இருந்தது. சாவியின் பெரிய பலவீனம், கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கடினம். எத்தனை கை மாறியிருக்கிறது என்று தெரியாது. பட்டியலில் ஒரு கோடு அடித்தால் முடிந்தது. கெர்னல்காரர்கள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: நேர்ச்சாவி கொடுக்காமல் நடுவில் ஓர் இடைக்கதவு வைத்து அதன் சாவியைக் கொடுப்பது, வேண்டாதபோது இடைக்கதவை அடைத்துவிடுவது. விரலைப் பிடுங்கிக்கொள்ளாமல் கள்ளக் கார்டை ஒழிக்க இப்படி ஏதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, ஏனென்றால் கேட்கப்பட்ட கேள்வி 'இந்தக் கார்டு செல்லுமா' என்பதல்ல, 'நீ யார்' என்பது.

போன வாரம் நண்பர் மறுபடி வந்திருந்தார். இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்று சொன்னதும், 'ஒண்ணு விட்டுட்டீங்க தோழர்' என்றார். எஸ்இஎல்4 என்று ஒரு கெர்னல். சிட்னியில் 2009இல், அதன் 8,700 வரி சி மொழிக் குறிப்பும் எழுதிய இலக்கணத்துக்குப் பிழையின்றி நடக்கும் என்று கணித முறையில் நிரூபித்தார்கள். அதில் எல்லாமே சாவிதான், பட்டியலே கிடையாது. 'ஆனா மிஷின் எழுந்திரிக்கும்போது முதல்ல ஒரே ஒரு புரோக்ராம்தான் ஓடும். மிச்சமிருக்கற மெமரியோட மொத்த சாவிக்கொத்தையும் கெர்னல் அது கையில குடுத்துடும். அதுக்கப்புறம் யாருக்கு எதைப் பிரிச்சுக் குடுக்கறதுங்கறது அது பாடு.'

அந்த முதல் புரோக்ராமை யார் எழுதுவது என்று கேட்டேன்.

'மிஷினை வாங்கினவன்' என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு மலைப்பக்கம் நடந்தோம். ஸ்கந்தாசிரமம் போகிற பாதை திறந்திருந்தது.